கிட்டார் பழகிய கைக்கு முதல் பேஸ்

பேஸ் வாங்கக் கடைக்குப் போகும் கிட்டார்க்காரர்கள் அநேகமாக எல்லாரும் முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில்தான் கை வைக்கிறார்கள். ஏ மைனர் பென்டடானிக் அங்கே இருக்கிறது. விரல் தானாகப் போய் நிற்கும். நாலு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் கிட்டார்தானே, தந்திதான் கொஞ்சம் தடிப்பு" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். அப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. பேஸின் வழக்கமான ஸ்கேல் நீளம் 34 அங்குலம். ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்தால் ஏறக்குறைய 25.5 அங்குலம் வரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் முழு ஸ்கேல் நீளமே அவ்வளவுதான். ஆக, ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே வாசித்துப் பார்க்கிறவர் தன் பழைய கிட்டாரைத்தான் இன்னொரு தடவை வாசித்துப் பார்க்கிறார்.

பேஸின் அன்றாட வேலை தலைப்பக்கத்து நாலு ஃப்ரெட்டில் நடக்கிறது. முதல் ஃப்ரெட் கம்பியிலிருந்து நாலாவது ஃப்ரெட் கம்பி வரை கிட்டாரில் சுமார் 9.7 சென்டிமீட்டர், 34 அங்குல பேஸில் 13 சென்டிமீட்டர். ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று பழகிய கை அங்கே இழுபடும். எனவே கருவியைக் கையில் வாங்கியதும் ஈ தந்தியில் முதல் ஃப்ரெட், மூன்றாவது ஃப்ரெட், பிறகு ஏ தந்தியில் முதல் ஃப்ரெட், மூன்றாவது ஃப்ரெட், இந்த நாலு சுரத்தை மட்டும் நிதானமான ஒரே நடையில் ஐந்து நிமிடம் வாசியுங்கள். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் வலி எடுக்கிறதா, மணிக்கட்டு வளைந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். வலி எடுத்தால் உடனே கருவியைக் குறை சொல்லவேண்டாம். டபுள் பேஸ் வாசிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதைச் செய்து பாருங்கள்: ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்று மட்டும் சுரம் பிடிக்கும், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே இறங்கும். வியன்னாவில் வாழ்ந்த ஃபிரான்ஸ் சிமாண்டல் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய பாடமுறையில் இருக்கும் விரலமைப்பு இதுதான். இப்படிப் பிடித்தும் வலித்தால் அந்த நெக் உங்களுக்கு ஆகாது, அடுத்ததை எடுங்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது முழுக்க இந்தச் சோதனையிலிருந்தே கிளைக்கிறது. கிட்டார் தெரிந்தவர் தன் கிட்டாருக்கு எது நெருக்கமாக இருக்கிறதோ அந்த பேஸையே தேடுவார். ஒல்லி நெக், பளபளக்கும் குமிழ்கள், கூடுதல் தந்தி, மேல் ஃப்ரெட்டுகளில் வேகம். பாட்டுக்கு அடியில் நின்று தாங்குகிற கருவியைத் தேடுங்கள் என்பது என் யோசனை.

யாரோடு வாசிக்கப் போகிறீர்கள்

மைசூரில் ஒரு கிட்டார்க்காரர் பேஸ் பக்கம் வருவது பெரும்பாலும் தேவையால்தான். நவம்பர் 1 ராஜ்யோத்சவ மேடை, விநாயக சதுர்த்தித் தெரு ஆர்கெஸ்ட்ரா, ஞாயிறு ஆராதனைப் பாடகர் குழு, கல்லூரி பேண்ட்: எங்கே பார்த்தாலும் கிட்டாருக்கு மூன்று பேர் இருப்பார்கள், பேஸுக்கு ஆள் இருக்காது. கீபோர்டுக்காரர் இடது கையால் சமாளித்துக்கொண்டிருப்பார். நீங்கள் போய் நின்றால் முதலில் அந்த இடது கையை விடுவிக்கவேண்டும்.

அந்த மேடைகளில் வாசிக்கப் போகும் பாட்டுகளையும் நினைத்துப் பாருங்கள். சங்கர் நாக் இயக்கி நடித்த 'கீதா' 1981-இல் வந்தது, இசை இளையராஜா. அதில் வரும் 'ஜொதெயலி' இல்லாத கன்னட ஆர்கெஸ்ட்ரா அபூர்வம். அதே மெட்டு 1984-இல் 'நூறாவது நாள்' படத்தில் 'விழியிலே மணி விழியில்' என்று தமிழுக்கு வந்தது. இரண்டையும் ஹெட்போன் போட்டு, பாடகர்களை விட்டுவிட்டு, அடியில் போகும் பேஸை மட்டும் பிடித்துக் கேளுங்கள். இளையராஜா காலத்துப் பாட்டுகளில் பேஸ் தனக்கென்று ஒரு மெட்டு வைத்திருக்கும். அவருக்கு நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரகுமானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸ் வேறு மாதிரி, இடம் விட்டு விட்டு வரும். 2024 மைசூர் யுவ தசராவில் உத்தனஹள்ளித் திடலில் ரகுமானும் இளையராஜாவும் அடுத்தடுத்த நாள் மேடையேறினார்கள். நேரில் கேட்டவர்களுக்கு அந்த வித்தியாசம் வயிற்றிலேயே தெரிந்திருக்கும்.

இந்த இரண்டு வகைக்கும் ஒரே பேஸ் போதும். அது எந்த மாதிரி என்பதுதான் கேள்வி.

பிக்கப்பும் நெக்கும்

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப் அதற்கு 1957-இல் வந்தது. 1960-இல் ஜாஸ் பேஸ்: இரண்டு ஒற்றைப் பிக்கப், நட் பக்கத்தில் 38 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒல்லி நெக். பிரிசிஷனின் நெக் அங்கே 41, 42 மில்லிமீட்டர் இருக்கும். கிட்டார்க்காரர்கள் பத்துக்கு எட்டுப் பேர் ஜாஸ் நெக்கைத் தொட்டதுமே மயங்குவார்கள். அது கெட்ட கருவி என்று சொல்லமாட்டேன், அற்புதமான கருவி. ஆனால் முதல் பேஸ் என்றால் பிரிசிஷன் வகையையோ, பிரிசிஷன் பிக்கப்போடு பிரிட்ஜ் பக்கம் ஒரு ஜாஸ் பிக்கப்பும் சேர்ந்த பிஜே வகையையோதான் கைகாட்டுவேன்.

காரணம் காது. கடையில் தனியாக வாசிக்கும்போது, பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸில் மேலும் கீழும் தூக்கி வைத்தால் பியானோ போல மினுங்கும். பக்கத்தில் நிற்கும் கடைப் பையன், "சார், ஒரு ஸ்லாப் அடிச்சுப் பாருங்க" என்பான். அடித்தால் இன்னும் அழகு. ஆனால் டிரம்ஸ், இரண்டு கீபோர்டு, தபலா, டோலக் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் மேடையில் அந்த மினுக்கம் சிம்பலுக்குள் கரைந்துவிடும், அடிச்சத்தம் கிக் டிரம்மோடு குழம்பிவிடும். நடுவில் ஒன்றும் மிஞ்சாது. பிரிசிஷன் பிக்கப் தனியாகக் கேட்டால் சாதாரணமாக, கொஞ்சம் மந்தமாகக்கூடத் தெரியும். அதன் பலம் நடு ஒலியில் இருக்கிறது. கூட்டத்துக்குள் அதுதான் கேட்கும். மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஒரு 1962 பிரிசிஷன். வலது கையில் பெரும்பாலும் ஒரே ஒரு விரல், குமிழ்களில் எந்த வித்தையும் கிடையாது.

ஆகவே கடையில் தனியாக வாசித்து முடிவெடுக்காதீர்கள். போனில் இரண்டு பாட்டை வைத்துக்கொண்டு போங்கள், கடைக்காரரிடம் ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள், அதற்கு மேல் வாசியுங்கள். நண்பர் ஒருவரை அழைத்துப்போய் அவரை வாசிக்கவிட்டு, நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேட்பது இன்னும் நல்லது. பேஸின் ஒலி வாசிக்கிறவர் காதை விடத் தள்ளி நிற்பவர் காதுக்கே சரியாகப் போய்ச் சேரும்.

பிஜே வகையில் நம் கடைகளில் தேடவேண்டியவை யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர்200, கோர்ட் ஆக்‌ஷன் பிஜே. இவற்றுக்கு ஒரு படி மேலே ஸ்குவையர் அஃபினிட்டி பிரிசிஷன் பிஜே. என் ஓட்டு யமஹாவுக்கு: அந்த விலையில் ஃப்ரெட் வேலை சீராக இருக்கும், பேட்டரியும் கிடையாது. பணம் கூடுதலாக இருந்தால் ஸ்குவையர் கிளாசிக் வைப் பிரிசிஷன் வாங்கலாம். பிறகு பல வருடம் மாற்றத் தோன்றாது.

நீளம் குறைந்த பேஸ்

30 அங்குல ஸ்கேல் பேஸ்கள் உண்டு. பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் அந்த நீளம்தான். அவரும் கிட்டாரிலிருந்து வந்தவர். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் 1961-இல் பீட்டில்ஸை விட்டுப் போனதும் பேஸ் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. எனவே நீளம் குறைந்ததைச் சிறுவர் கருவி என்று யாராவது சொன்னால் காதில் வாங்கவேண்டாம். தந்தி இறுக்கம் குறைவு, சுரம் உருண்டையாக, கொழுத்து வரும். முதல் நாலு ஃப்ரெட் கம்பிகளுக்கு நடுவே 11.4 சென்டிமீட்டர்தான்.

இருந்தாலும் இதை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். கை வலிக்காத கிட்டார்க்காரர் இதை எடுத்தால் கிட்டார் பழக்கம் அப்படியே தொடரும், நிரப்பி நிரப்பி வாசிப்பார். மணிக்கட்டு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கணினி வேலையால் ஏற்கெனவே கை மரத்துப்போகிறவர்கள், கை நீளம் குறைந்தவர்கள், தோளில் 4 கிலோ தாங்காதவர்கள், இவர்கள் தயங்காமல் 30 அங்குலத்துக்குப் போகலாம். ஸ்குவையர் பிராங்கோ, ஐபனீஸ் டால்மன் டிஎம்பி30 இரண்டும் அந்த நீளம். தந்திக்கு மட்டும் முன்யோசனை வேண்டும். நீளம் குறைந்த செட் உள்ளூரில் சட்டென்று கிடைக்காது, வரவழைத்து ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிட்டார்க்காரர்கள் அறியாத ஒரு தொல்லை பேஸில் உண்டு. நெக் நீளம், டியூனர்கள் கனம்; ஸ்ட்ராப்பில் மாட்டிக் கையை விட்டால் சில பேஸ்களின் தலை கீழே சாயும். அதை இடது கையால் தாங்கிக்கொண்டே மூன்று மணி நேரக் கச்சேரி வாசித்தால் தோள் விட்டுப்போகும். கடையில் நின்றபடி மாட்டி, இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தலை இடுப்புக்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல ஒலியாக இருந்தாலும் வேண்டாம். கிட்டாரின் மெல்லிய ஸ்ட்ராப்பை இதற்குப் போடாதீர்கள். மூன்று அங்குல அகலம் வேண்டும்.

எத்தனை தந்தி

மைசூரில் தந்தி எண்ணிக்கையைப் பற்றிப் பேசினால் சௌடையாவை நினைக்காமல் இருக்கமுடியாது. திருமகூடலு நரசிபுரத்துக்காரர், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் வயலின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று ஏழு தந்தி கட்டினார். அவருக்குத் தேவை என்ன என்பது தெளிவாக இருந்தது. ஐந்து தந்தி பேஸ் வாங்கவும் அப்படி ஒரு தேவை இருக்கவேண்டும்.

நாலு தந்தி பேஸின் ஈ, கிட்டார் ஈ-க்கு ஒரு ஸ்தாயி கீழே, 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது தந்தியான பி, 31 ஹெர்ட்ஸுக்குப் போகும். சிந்த் பேஸ் வைத்துப் பதிவான புதிய சினிமாப் பாட்டுகளில் டி, சி என்று இறங்கும் இடங்கள் வரும், அப்போது பி தந்தி உதவும். ஆனால் விலை குறைந்த ஐந்து தந்திக் கருவிகளில் அந்த பி தொளதொளவென்று ஆடும், சுரம் என்னவென்றே பிடிபடாது. கிட்டார்க்காரருக்கு வேறொரு சங்கடமும் உண்டு. நாலு தந்தியில் ஈ, ஏ, டி, ஜி என்று உங்களுக்குத் தெரிந்த வரைபடமே அடியில் இருக்கிறது, முதல் நாளே சுரம் தேடாமல் வாசிக்கலாம். ஐந்து தந்தியில் அடித்தந்தி பி ஆகிவிடுவதால் மேடையில் ஒரு தந்தி தவறும். முதல் கருவிக்கு நாலே போதும். டி வேண்டிய பாட்டுக்கு ஈ தந்தியைத் தளர்த்திக்கொள்ளலாம்.

ஃப்ரெட் இல்லாத பேஸைக் கேட்டு வருகிறவர்களும் மைசூரில் அதிகம். கர்நாடக இசைக் காது உள்ள ஊர், கமகம் வரும் என்ற ஆசை நியாயமானது. அதை இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். சுருதி பிசகினால் கிட்டாரில் ஒருவருக்குக் கேட்கும், பேஸில் மொத்தக் குழுவும் பிசகும்.

மரம், மழை, வெயில்

ரோஸ்வுட் மேல் இழைப்பு வேலைக்குப் பேர்போன ஊர் இது. ஃபிங்கர்போர்டு ஈட்டி மரம்தானா என்று இங்கே கேட்காத ஆளில்லை. 2017-இல், ஈட்டியும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்ஸ் ஒப்பந்தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கிட்டார் நிறுவனங்கள் வேறு மரத்துக்குப் போயின. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தும் பலர் திரும்பவில்லை. இப்போது ஸ்குவையரில் நீங்கள் பார்க்கும் இந்தியன் லாரல் வேறொன்றுமில்லை, நம் கருமருது. கன்னடத்தில் மத்தி. உறுதியான மரம், பேஸுக்கு எந்தக் குறையும் வைக்காது. அதற்காக விலையில் ஏறவோ இறங்கவோ வேண்டாம்.

மரத்தின் பெயரை விட அதன் ஈரம் முக்கியம். மைசூர் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னை போலக் கடற்காற்றின் உப்பு இல்லை, தந்தி அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. ஆனால் ஜூனில் மழை தொடங்கியதும் நெக் ஒரு பக்கம் நகரும், பிப்ரவரி மார்ச் வறட்சியில் இன்னொரு பக்கம். நாலு தடித்த தந்தியின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் கிட்டாரை விடக் கண்கூடாகத் தெரியும். கோடையில் வாங்கினால் நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மரம் சுருங்கியிருந்தால் ஃப்ரெட் நுனிகள் குத்தும். நெக்கின் வளைவைத் திருத்தும் டிரஸ் ராடு திருகு எந்தப் பக்கம் இருக்கிறது, அதற்குரிய ஆலன் சாவி பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரு தடவைக்குக் கால் திருப்பத்துக்கு மேல் போகக்கூடாது.

எங்கே வாங்குவது, என்ன பார்ப்பது

மைசூர்க் கடைகளில் வீணையும் தபலாவும் கீபோர்டும் அகூஸ்டிக் கிட்டாரும் நிறைந்திருக்கும். பேஸ் ஒன்றோ இரண்டோ தொங்கும், அதுவும் தொழிற்சாலையில் போட்ட பழைய தந்தியோடு. நாலைந்தை அடுத்தடுத்துக் கையில் எடுத்துப் பார்க்க பெங்களூர்தான் போகவேண்டும். காலை ரயிலில் போய் இரவு திரும்பிவிடலாம். 1865-இல் மும்பையில் தொடங்கிய ஃபர்டாடோஸுக்கு அங்கே கிளை இருக்கிறது. சென்னையில் சொந்தபந்தம் இருந்தால் அண்ணா சாலை மியூஸி மியூசிகல், 1842-லிருந்து இருக்கும் கடை. மாடலைக் கையில் வாசித்து முடிவு செய்தபிறகு இணையத்தில் விலை பாருங்கள், அந்த வரிசை மாறவேண்டாம்.

பழைய பேஸ் வாங்குவது நல்ல யோசனை. ஆசைப்பட்டு வாங்கி ஆறு மாதத்தில் விற்கும் கிட்டார்க்காரர்கள் எப்போதும் உண்டு, கருவி புதிதுபோலவே இருக்கும். பார்க்கப் போகும்போது ஒரு விசிட்டிங் கார்டு எடுத்துப் போங்கள். ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் கம்பிக்கும் நடுவே அந்தக் கார்டு லேசாக நுழைகிறதா பாருங்கள். இடமே இல்லை என்றாலும், இரண்டு மூன்று கார்டு போகிறது என்றாலும், டிரஸ் ராடு திரும்புகிறதா என்பதை உங்கள் கண்முன்னே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். திரும்பாத ராடு உள்ள பேஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து ஜி தந்தியில் மூன்றிலிருந்து ஒன்பதாவது ஃப்ரெட் வரை ஒவ்வொரு சுரமாக அடித்து, அது தானாக ஓயும்வரை காத்திருங்கள். ஐந்து, ஆறு, ஏழு என்ற இடங்களில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். நெக்கின் அதிர்வோடு அந்தச் சுரம் மோதுவதால் வருவது. திருகினாலும் தந்தி மாற்றினாலும் முழுதாகப் போகாது. திருகு போட்டு மாட்டிய நெக் உள்ள பேஸ்கள் பலவற்றில் லேசாக இருக்கும், மற்ற சுரத்தில் பாதி நேரமாவது நின்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஜாக்கில் கேபிளை ஆட்டிப் பாருங்கள், குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். கரகரப்பு சின்னச் செலவு, பேரத்துக்கு ஆகும்.

தந்திச் செலவை மறந்துவிடாதீர்கள். ஒரு பேஸ் செட் கிட்டார் செட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் அடிக்கடி மாற்றத் தேவையில்லை. ஜேமர்சன் அறுந்தால்தான் மாற்றுவார் என்பார்கள். பழைய சினிமாப் பாட்டும் பக்திப் பாடலும்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஃப்ளாட்வுண்டு போடுங்கள்: விரல் நகரும்போது கீச்சிடாது, கிட்டார்க்காரரின் வழுக்கும் பழக்கத்துக்கு அது பெரிய உதவி. பிக் வைத்து வாசிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாக. லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோ கிட்டாரிஸ்டாக இருந்த கரோல் கே, 1963-இல் பேஸ்காரர் வராத ஒரு பதிவில் பேஸை எடுத்தார். பிக் வைத்துத்தான் வாசித்தார், ஆயிரக்கணக்கான பதிவுகளில்.

ஆம்புக்குப் பணத்தைக் கொட்டவேண்டாம். வீட்டில் உங்கள் கிட்டார் ஆம்பிலேயே சத்தம் குறைத்து வாசிக்கலாம்; ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும், அதனால் கடிகாரத்தில் எட்டு மணி இருக்கும் இடத்திலேயே குமிழை ஒட்டிவைத்துவிடுங்கள். ஹெட்போன் ஆம்ப் ஒன்று இருந்தால் இரவுப் பயிற்சிக்குப் போதும். டிரம்ஸோடு ஒத்திகை பார்க்க 200 வாட்ஸாவது வேண்டும், அதை ஒத்திகை அறையில் வாடகைக்குப் பிடியுங்கள். நம்மூர் மேடைகளில் பேஸ் நேராக மிக்ஸருக்கே போகிறது, ஆகவே ஆம்புக்கு வைத்த பணத்தில் ஒரு நல்ல டிஐ பாக்ஸ் வாங்கி பேஸ் பையிலேயே போட்டுவையுங்கள். மைக்செட்காரரிடம் இருப்பது வேலை செய்யாத இரவுகள் வரும்.